கிள்ளான் ஏஜென்ட் உங்கள் பிராண்டைத் தன் பெயரில் பதிந்தால்

கேள்வி: கோவையில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் தயாரிக்கிறோம். அப்பா தொடங்கிய தொழில். பிராண்ட் பெயரை அவர் 2016-இல் தம் பெயரில் இந்தியாவில் டிரேட்மார்க் பதிவு செய்தார். இப்போது நானும் தம்பியும் கூட்டு நிறுவனமாக நடத்துகிறோம். அப்பா மேற்பார்வையோடு சரி. மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்த ஒருவர் சில ஆண்டுகளாக எங்கள் ஏஜென்ட். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, தாயா பிள்ளையாகப் பழகிவிட்டோம். அங்கே எங்கள் பிராண்ட் பெயருக்கு அவர் தம் பெயரில் விண்ணப்பம் போட்டிருப்பது இப்போதுதான் தெரியவந்தது. கேட்டால், "உங்களுக்காகத்தான் போட்டேன் அண்ணே, இங்கே உள்ளூர் ஆள் இருந்தால்தான் பதிய முடியும்" என்கிறார். அடுத்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அனுப்பத் திட்டம். துபாய்க்கான மலிவு மாடலைச் சீனாவில் ஃபோஷான் நகரத் தொழிற்சாலை ஒன்றில் செய்து, அங்கிருந்தே கப்பலேற்ற நினைக்கிறோம். உலகம் முழுவதற்கும் ஒரே பதிவாகப் போட்டுவிட முடியாதா? எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. மலேசியாவில் இருப்பிடமோ தொழிலோ இல்லாதவர் அங்கே டிரேட்மார்க் விண்ணப்பம் போட உள்ளூர்ப் பதிவு முகவர் ஒருவர் வேண்டும். ஆனால் அவர் தபாலை வாங்கிப் பதில் போடுகிற ஆள், அவ்வளவுதான். உரிமையாளர் என்ற கட்டத்தில் கோவைக்காரரின் பெயரும் கோவை முகவரியும் இருக்கலாம். ஜப்பான்காரரும் ஜெர்மானியரும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

அவர் இன்னொன்றையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம். மலேசியாவில் வீட்டு மின்சாதனங்களை இறக்குமதி செய்ய எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் சான்று வேண்டும். அது உள்ளூர் இறக்குமதியாளர் பெயரில் வாங்கப்படுவது. அந்தச் சான்று அவர் பெயரில் இருப்பதில் தவறில்லை. அது பொருளின் பாதுகாப்புக்கானது, பிராண்டின் உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. "பர்மிட் என் பெயரில் இருக்கிறது, அதனால் பிராண்டும் என் பெயரில்" என்று அவர் பேசினால் இரண்டையும் அங்கேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

அவருக்குக் கெட்ட எண்ணம் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் எந்த எண்ணத்தோடு போட்டார் என்பது பதிவேட்டில் ஏறாது, பெயர் மட்டும்தான் ஏறும். நாளை அவர் தொழிலை விற்றால் வாங்குகிறவருக்கு உங்களோடு தாயா பிள்ளை உறவு இருக்காது. அவருடைய மகன் கணக்குப் பார்த்தாலும் கடன்காரர் சொத்தைக் கேட்டாலும் இதே கதைதான். பதிவு அவர் கைக்குப் போன பிறகு நீங்கள் ஜோகூரிலோ பினாங்கிலோ இன்னொரு விநியோகஸ்தரை நியமித்தால், அந்த ஆள் விற்கும் உங்கள் கிரைண்டரே சட்டத்தின் கண்ணில் போலி ஆகிவிடலாம். உள்நாட்டு வர்த்தக அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் புகாரின் பேரில் கடைக்குள் வந்து சரக்கை எடுத்துப் போக அங்கே சட்டம் இடம் தருகிறது. கோவையில் செய்த டிரம், கோவையில் கொத்திய கல், உங்கள் பெயர் போட்ட பெட்டி; எடுத்துப் போவது உங்கள் பொருளாகவே இருக்கும்.

"நாங்கள்தானே முதலில் அந்தப் பெயரை வைத்தோம்" என்று நீங்கள் கேட்பீர்கள். டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. கோவை நிலத்துக்கான பட்டாவை வைத்துக்கொண்டு கிள்ளானில் வேலி போட முடியாது. நம் உச்ச நீதிமன்றமே டொயோட்டாவுக்கு இதைத்தான் சொன்னது. பிரியஸ் காரை டொயோட்டா 1997-இல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. டெல்லிப் பக்கத்தில் வாகன உதிரி பாகம் செய்யும் நிறுவனம் ஒன்று 2001 முதல் பிரியஸ் என்ற பெயரைப் பயன்படுத்தியது, பதிவும் செய்துகொண்டது. டொயோட்டா வழக்குப் போட்டது. 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: 2001-இல் இந்தியச் சந்தையில் பிரியஸ் என்ற பெயருக்குப் போதிய அறிமுகம் இருந்ததாக டொயோட்டா நிரூபிக்கவில்லை, ஆகவே அந்தப் பெயரை உள்ளூர் நிறுவனம் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. உலகப் புகழ் இங்கே வந்து சேர்ந்ததற்கு ஆதாரம் எங்கே என்று டொயோட்டாவிடமே கேட்கிறார்கள் என்றால், நம் கிரைண்டரை மலேசிய நீதிமன்றம் கேட்காமல் விடுமா?

உங்களுக்குச் சாதகமானதும் இருக்கிறது. மலேசியாவில் முந்தி விண்ணப்பித்தவருக்கே எல்லாம் என்ற கண்மூடி விதி இல்லை. அந்தப் பெயரின் உண்மையான உரிமையாளர் யார், அந்தச் சந்தையில் முதலில் யாருடைய பொருளாக அது விற்றது என்பதைப் பார்ப்பார்கள். ஏஜென்டோ பிரதிநிதியோ முதலாளியின் அனுமதி இல்லாமல் தம் பெயரில் பதிந்துகொண்டால், முதலாளி அதை எதிர்க்கவும் ரத்து செய்யக் கோரவும், டிரேட்மார்க் போன்ற உரிமைகளுக்கான பாரிஸ் உடன்படிக்கை வழி வைத்திருக்கிறது. இந்தியா, மலேசியா இரண்டுமே அதில் உறுப்பு நாடுகள். ஆகவே வழக்கு என்று வந்தால் நீங்கள் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள். ஆனால் அதற்கான ஆதாரம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதங்களை இன்றே திரட்டத் தொடங்குங்கள். முதல் கன்டெய்னரின் இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், கப்பல் நிறுவனம் கொடுத்த சரக்குச் சீட்டு, வங்கிக்குப் பணம் வந்த தகவல். இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள்: பொருள் விவரத்தில் உங்கள் பிராண்ட் பெயர் இருக்கிறதா, வெறும் "வெட் கிரைண்டர் 2 லிட்டர்" என்று மட்டும் இருக்கிறதா? நம் ஊர் இன்வாய்ஸ்கள் பெரும்பாலும் இரண்டாவது ரகம். அப்படியானால் பிராண்டோடு சரக்கை இணைக்க வேறு ஏதாவது வேண்டும். பெட்டி அச்சடித்த அச்சகத்தின் பில், பெட்டி வடிவமைப்பை நீங்கள் ஏஜென்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல், "அண்ணே, போன லோடில் நம் பிராண்ட் ஸ்டிக்கர் உரிகிறது" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. கடைசியாகச் சொன்னதுதான் தங்கம், ஏனென்றால் அந்தப் பெயர் உங்களுடையது என்பதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டது அது. போன் மாற்றும்போது அழிந்துவிடாமல் உடனே பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த இன்வாய்ஸிலிருந்து பிராண்ட் பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் இணையத் தேடலில் பாருங்கள். விளம்பரத்துக்கு, அதாவது எதிர்ப்பு இருந்தால் சொல்லும்படி பொதுவில் வெளியிடும் கட்டத்துக்கு, வந்திருந்தால், வந்த தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும். இந்தியாவில் நான்கு மாதம் என்பதால் நம்மவர்கள் நிதானமாக இருந்து, அங்கே தேதியைக் கோட்டை விடுகிறார்கள். பதிவே முடிந்துவிட்டதென்றால் உயர் நீதிமன்றம் போய்த்தான் ரத்து கேட்க வேண்டும். செலவும் காலமும் வேறு அளவுக்குப் போய்விடும்.

இத்தனையும் சொன்ன பிறகும், வக்கீல் நோட்டீஸில் தொடங்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. அவர் "உங்களுக்காகப் போட்டேன்" என்று சொல்லியிருக்கிறார் அல்லவா, அந்த வார்த்தையையே பிடித்துக்கொள்ளுங்கள். "சந்தோஷம், நீங்கள் கட்டிய கட்டணத்தை நான் தந்துவிடுகிறேன், விண்ணப்பத்தை எங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்பது கேட்காததற்குச் சமம். உரிமை மாற்றப் பத்திரத்தை அங்குள்ள பதிவு முகவர் தயாரித்து, கழகத்தின் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். கையெழுத்தான பத்திரம் உங்கள் பீரோவில் தூங்கினால் பயன் இல்லை. உண்மையிலேயே நல்ல எண்ணத்தோடு போட்டவர் என்றால் இரண்டு வாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். சாக்குச் சொல்லி இழுத்தால் உங்கள் கையில் இருக்கும் பிடி அடுத்த கன்டெய்னர்தான். கையெழுத்து வரும்வரை அதை ஏற்றாதீர்கள். எதிர்ப்பு மனுவுக்கான தேதி நெருங்கினால் பேச்சு நடக்கும்போதே மனுவைப் போட்டு வையுங்கள். சமரசம் ஆனால் திரும்பப் பெறலாம்.

இப்போது, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். என் கணக்கில் உங்கள் கடிதத்தில் மிகவும் கவலைப்பட வேண்டிய வரி கிள்ளானைப் பற்றியது அல்ல. "அப்பா தம் பெயரில் பதிவு செய்தார்" என்பதுதான். தொழில் கூட்டு நிறுவனத்தின் கையில், பெயர் அப்பாவின் கையில். ஆப்பிள் நிறுவனத்துக்கே இந்த இடத்தில்தான் அடி விழுந்தது. ஐபேட் என்ற பெயரைத் தைவானின் புரோவியூ நிறுவனத்திடமிருந்து பல நாடுகளுக்கும் சேர்த்து வாங்கிவிட்டதாக ஆப்பிள் நினைத்தது. சீனப் பதிவு மட்டும் அதே குழுமத்தின் ஷென்ஜென் நிறுவனத்தின் பெயரில் இருந்தது; விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டது தைவான் நிறுவனம். கடைசியில் 2012-இல் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் ஆப்பிள் அதைத் தீர்த்துக்கொண்டது.

உங்களுக்கு ஆகும் செலவு ஒரு பத்திரமும் ஒரு படிவமும். அப்பா நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே, அந்தப் பெயரையும் அதன் நன்மதிப்பையும் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, டிஎம்-பி படிவத்தில் இந்தியப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தள்ளிப்போட்டால் பிறகு வாரிசுச் சான்றிதழ், சகோதரிகளின் சம்மதம் என்று நீளும். வெளிநாட்டு விண்ணப்பம் எதுவும் இதற்குப் பின்னால்தான். ஏனென்றால் நீங்கள் கேட்கும் "ஒரே பதிவு" வழிக்கு இந்தியப் பதிவின் உரிமையாளரும் வெளிநாட்டு விண்ணப்பதாரரும் ஒருவராகவே இருக்க வேண்டும்.

2016-இல் விண்ணப்பித்த பதிவு என்றால் பத்து ஆண்டு 2026-இல் முடிகிறது. சான்றிதழில் விண்ணப்பத் தேதியைப் பாருங்கள், சான்றிதழ் கைக்கு வந்த தேதியை அல்ல. தாண்டியிருந்தால் ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம்.

உலகம் முழுவதற்கும் ஒரே பதிவு என்று ஒன்று கிடையாது. இருப்பது ஒரே விண்ணப்பம். மாட்ரிட் நெறிமுறை என்று பெயர். இந்தியா 2013 ஜூலையில் அதில் சேர்ந்தது. இந்தியப் பதிவை அடிப்படையாகக் காட்டி, வேண்டிய நாடுகளைக் குறித்து, இங்கிருந்தே இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். நம் பதிவகம் சரிபார்த்து ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு அனுப்பும். அது நீங்கள் குறித்த நாடுகளுக்கு அனுப்பும். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைச் சின்னத்துக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணத்தில் என்றால் 903. அதற்குமேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம். எவ்வளவு என்று அந்த அமைப்பின் இணையதளத்தில் உள்ள கட்டணக் கணிப்பான் சொல்லிவிடும். சிங்கப்பூர் 2000 முதலும், மலேசியா 2019 டிசம்பர் முதலும், ஐக்கிய அரபு அமீரகம் 2021 டிசம்பர் முதலும் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. அமீரகத்தின் கட்டணம் கொஞ்சம் அதிர்ச்சி தரும். அது அங்கே எல்லோருக்குமே அப்படித்தான்.

இந்த வழியில் மூன்று பள்ளங்கள் உண்டு. சின்னம் இந்தியப் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். 2016-க்குப் பிறகு எழுத்து வடிவத்தையும் படத்தையும் மாற்றியிருந்தால், இன்றைய பெட்டியில் இருப்பதைப் பாதுகாக்கப் பழைய பதிவு உதவாது. புதிதாக இந்தியாவில் விண்ணப்பித்து, ஆறு மாதத்துக்குள் வெளிநாடுகளில் போட்டால், இந்தியத் தேதியையே அங்கேயும் முன்னுரிமையாகக் கோரலாம். பொருள் பட்டியலும் இந்தியப் பதிவைத் தாண்டக் கூடாது: டிரேட்மார்க்குக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் மின்சாரக் கிரைண்டர் 7-ஆம் வகுப்பு, நீங்கள் நாளை விற்க நினைக்கும் பிரஷர் குக்கர் 21-ஆம் வகுப்பு, அதற்குத் தனியாகப் போட வேண்டும். மூன்றாவதுதான் ஆழமானது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வெளிநாட்டுப் பதிவுகள் எல்லாம் இந்தியப் பதிவைச் சார்ந்தே நிற்கின்றன. அந்த ஐந்து ஆண்டுக்குள் இந்தியப் பதிவு ரத்தானாலோ, புதுப்பிக்காமல் காலாவதியானாலோ, எல்லா நாட்டிலும் சேர்ந்தே விழும். மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனி விண்ணப்பமாக மாற்றிக்கொள்ள இடம் உண்டு, ஆனால் செலவு இரட்டிப்பாகும். புதுப்பித்தலை வற்புறுத்துவது இதனால்தான்.

சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் மாட்ரிட் வழி போதும். மலேசியாவை இப்போதே அதில் குறிக்காதீர்கள். ஏஜென்டின் விண்ணப்பம் முன்னால் நிற்கும்வரை உங்களுடையதுக்கு மறுப்புத்தான் வரும், மறுப்பு வந்தால் எப்படியும் உள்ளூர் முகவரை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். விவகாரம் தீர்ந்த பிறகு அந்த நாட்டைப் பின்னால் சேர்த்துக்கொள்ள வசதி இருக்கிறது. பெட்டியில் தமிழ் எழுத்திலும் பெயர் இருந்து, அதையும் பதிய நினைத்தால், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதற்கு உச்சரிப்பும் பொருளும் எழுதித் தர வேண்டியிருக்கும். ஒரு சின்னத்துக்குத்தான் பணம் என்றால், படம் எதுவும் இல்லாத ஆங்கில எழுத்துப் பெயரையே முதலில் பதியுங்கள்.

சீனாவுக்கு நேரடி விண்ணப்பம் போடுங்கள். அங்கே யார் முந்தி விண்ணப்பித்தார் என்பதுதான் பெரும்பாலும் முடிவு. 7-ஆம் வகுப்பையே அவர்கள் உள்வகுப்புகளாகப் பிரித்துத்தான் பார்ப்பார்கள். மாட்ரிட் வழியில் போனால் உங்கள் கிரைண்டர் எந்த உள்வகுப்பில் விழும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள், நேரடியாகப் போட்டால் அதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். "நான் சீனாவில் விற்கப் போவதில்லையே, செய்து அனுப்பத்தானே போகிறேன்" என்று எல்லா ஏற்றுமதியாளர்களும் கேட்கிறார்கள். சீனச் சுங்கம் உள்ளே வரும் சரக்கை மட்டுமல்ல, வெளியே போகும் சரக்கையும் டிரேட்மார்க் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. மியான்மர் நிறுவனம் ஒன்றின் ஆர்டரின் பேரில் சீனாவில் செய்து, மியான்மருக்கே போகவிருந்த 220 மோட்டார் சைக்கிள்களைச் சுங்கம் பிடித்தது. அவற்றில் இருந்த பெயர் ஹோண்டாவை ஒத்திருந்தது. முழுவதும் ஏற்றுமதிக்கானது, சீனாவில் ஒன்றுகூட விற்கவில்லை என்ற வாதத்தைச் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் 2019-இல் ஏற்கவில்லை. அந்த வழக்கில் ஹோண்டா பக்கம் நியாயம் இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் அதே கதவு உங்கள் பெயரை முந்திக்கொண்டு பதிந்த ஒருவருக்கும் திறக்கும். பதிந்தவர் தொழிற்சாலை முதலாளியாகவே இருந்தால், நீங்கள் விலை குறைத்துக் கேட்கும் நாளில் அது அவர் கையில் ஆயுதம்.

ஆகவே ஃபோஷானுக்கு மாதிரியோ, பெயர் பொறித்த படமோ, அச்சுக்கான கோப்போ போவதற்கு முன் சீன விண்ணப்பம் போயிருக்க வேண்டும். விலை கேட்கும் கட்டத்தில் பெயரை மறைத்த படத்தை அனுப்புங்கள். துபாய்க்கு மட்டும் போகும் மாடல் என்பதால் சீன எழுத்தில் பெயர் வைப்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

இனி வரும் எந்த ஏஜென்டோடும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். நாற்பது பக்கம் வேண்டாம். பெயரும் சின்னமும் உங்களுடையவை என்று அவர் ஒப்புக்கொள்வதாகவும், அதையோ அதை ஒத்த பெயரையோ டிரேட்மார்க்காகவும் நிறுவனப் பெயராகவும் இணைய முகவரியாகவும் சமூக ஊடகக் கணக்காகவும் தம் பெயரில் பதிவதில்லை என்றும், மீறிப் பதிந்திருந்தால் கேட்டவுடன் மாற்றித் தருவார் என்றும், உறவு முடிந்தால் பெயர்ப்பலகையை இறக்கிவிடுவார் என்றும் நாலு பத்தி இருந்தால் போதும். கிள்ளான்காரரோடும் பத்திரக் கையெழுத்தன்றே இதையும் முடித்துவிடுங்கள். சமூக ஊடகக் கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மலேசிய வாடிக்கையாளர்கள் கிரைண்டர் பழுதானால் தேடுவது அங்கேதான்.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று யாராவது தைரியம் சொன்னால், அது ஊரின் பொருளுக்கானது, உங்கள் பிராண்டுக்கு அதனால் எந்தக் காவலும் இல்லை. ஃபோஷானில் செய்த மாடலின் பெட்டியில் அந்தப் பெயரைப் போடவும் கூடாது.

பெட்டி என்றதும் இன்னொன்று. பெயருக்கு மேலே வட்டத்துக்குள் ஆர் எழுத்தை அச்சடித்திருக்கிறீர்களா? இந்தியாவில் அது சரி. பதிவு இல்லாத நாட்டில், பதிவு பெற்றதாகக் காட்டுவதே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குற்றம் ஆகலாம். ஏற்றுமதிப் பெட்டிகளில், அந்தந்த நாட்டுப் பதிவு முடியும்வரை டிஎம் என்ற எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம் பற்றி. மாட்ரிட் விண்ணப்பம் வெளியானதும் உங்கள் முகவரிக்கு அழகான முத்திரையோடு கடிதங்கள் வரத் தொடங்கும். உலக அமைப்பின் பெயர் போலவே தோன்றும் ஏதோ ஒரு பெயரில், "உங்கள் சின்னத்தை சர்வதேசப் பட்டியலில் சேர்க்க" ஆயிரம், இரண்டாயிரம் யூரோ கேட்பார்கள். தேதி, பதிவு எண், சின்னத்தின் படம் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அவை பொதுவில் கிடைப்பவை. உங்கள் கணக்காளர் அரசாங்கக் கட்டணம் என்று நினைத்துக் கட்டிவிடக் கூடும். இந்தக் கடிதங்களில் எதற்கும் உங்கள் டிரேட்மார்க் முகவரிடம் காட்டாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று கணக்காளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.